தகட்டுக் கூரையின் உள்மூலை வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது?

கேள்வி

வணக்கம். வீட்டின் பழைய கூரையைப் பிரித்துவிட்டு, துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சின்மேல் வண்ணம் ஏற்றிய எஃகுத் தகடுகளால் புதுக் கூரை போட்டிருக்கிறோம். வீடு ‘ட’ வடிவில் இருப்பதால், பெரிய கட்டின் சரிவும் பக்கக் கட்டின் சரிவும் உள்வாங்கிச் சேரும் இடத்தில் ஓர் உள்மூலை உண்டாகிறது. ‘வேலி ஷீட்’ (valley sheet) என்று வேலையாட்கள் சொல்லும் நீளமான மடக்குத் தகட்டை அதில் படுக்கவைத்து, இருபுறத்திலிருந்தும் கூரைத் தகடுகளைச் சாய்வாக வெட்டி அதன்மேல் இறக்கியிருக்கிறார்கள். மற்ற வேலை எல்லாம் நேர்த்தியாகத்தான் தெரிகிறது. இந்த மூலைதான் மனத்தை உறுத்துகிறது.

ஏணி வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன். வெட்டிய ஓரங்கள் நேர்கோட்டில் இல்லை. கீழே கட்டர் (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்) பக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு புறமும் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. மேலே முகட்டை நெருங்கும்போது அது இரண்டு விரலாகக் குறைந்துவிடுகிறது. நடுவில் ஓரிடத்தில் ஓரம் வளைந்து உள்ளே போய் மறுபடி வெளியே வருகிறது. மூன்று இடங்களில் ஸ்க்ரூக்கள் நடுக்கோட்டுக்கு மிக அருகிலேயே அடிக்கப்பட்டு, தலையின்மேல் சிலிக்கான் அப்பப்பட்டிருக்கிறது. பக்கக் கட்டுப் பக்கம் கூரைத் தகட்டின் ஓரம் நெடுகவும் சிலிக்கான் கோடு இழுத்திருக்கிறார்கள். உள்மூலைத் தகட்டின்மேல் ஆங்காங்கே கடுகளவுப் பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன.

ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், “இரண்டு பெருமழை போய்விட்டது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, இதற்குமேல் என்ன குறை?” என்கிறார். கடைசித் தவணைப் பணம் இன்னும் கொடுக்கவில்லை. கூரையைப் பிரிக்காமல், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பார்த்தே இந்த வேலையின் தரத்தை மதிப்பிட முடியுமா? நான் சொன்னவற்றில் எது கண்ணுக்கு மட்டும் உறுத்துவது, எது உண்மையான குறை என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம். தகட்டு வேலையைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டு மழைக்கு ஒழுகாததை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரையின் மற்ற எந்த இடத்தையும்விட உள்மூலையில்தான் அதிகத் தண்ணீர் ஓடுகிறது. அது ஓடும் சரிவும் மற்ற இடங்களைவிடக் குறைவு. இரு புறமும் ஒரே சாய்வுள்ள கூரைகள் செங்கோணத்தில் சேரும்போது, 30 பாகை சாய்வுள்ள கூரையின் உள்மூலை ஏறத்தாழ 22 பாகைதான் சாய்ந்திருக்கும். 10 பாகைக் கூரையாக இருந்தால் அது 7 பாகைதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இரண்டு சரிவுகளுமாகச் சேர்ந்து 60 சதுர மீட்டர் பரப்பின் தண்ணீர் உங்கள் மூலைக்கு வருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அடிக்கும் மழையில் அந்த ஒரு மூலை வழியாக நிமிடத்துக்கு 100 லிட்டர் இறங்கும். அதோடு காற்றும் ஓரிரு கைப்பிடி சருகும் சேர்ந்துகொள்ளும்போதுதான் வேலையின் தரம் வெளிப்படும்.

நல்ல வேலையையும் மோசமான வேலையையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. தண்ணீரை வெளியே நிறுத்துவது தகட்டின் வடிவமா, அல்லது பூசிய பசையா? வடிவம் சரியாக இருந்தால் பசை எதுவும் இல்லாமலேயே தண்ணீர் கட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். பசை என்பது காற்றோடு அடிக்கும் சாரலுக்கான கூடுதல் காவல்தான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

மூன்று ஸ்க்ரூக்கள்தான் இவற்றில் மிக மோசமானவை. தண்ணீர் ஓடும் பாதையில் துளை இருக்கவே கூடாது. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் குறைந்தது ஒரு சாண் தொலைவுக்கு ஆணியோ ஸ்க்ரூவோ ரிவெட்டோ வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வாஷர் இருக்கிறதே என்று சொல்வார்கள். ஆனால் அந்த வாஷர் வெயிலில் கிடந்து இறுகிப்போகும் பொருள். அதைவிட முக்கியமானது, தகடு ஒரு நாளும் அசையாமல் கிடப்பதில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும்; 6 மீட்டர் நீளத் தகட்டில் இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 50 பாகை வேறுபாடு வந்தால் அது 3.6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அலுமினியத் தகடு என்றால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. அந்த அசைவு முழுவதையும் ஸ்க்ரூத் துளைதான் தாங்குகிறது; நாளடைவில் வட்டத் துளை நீள்துளையாகிவிடும், மேலே அப்பிய சிலிக்கான் பிய்ந்து கொடுக்கும்.

அப்படியானால் உள்மூலைத் தகட்டை எதால் பிடிக்க வேண்டும்? தகட்டின் இரு வெளி ஓரங்களையும் உள்நோக்கி மடித்து ஒரு வாய்போல விட்டு, அந்த மடிப்பில் சிறு கிளிப்புகளைக் கொக்கிபோல மாட்டி, கிளிப்பை மட்டும் பலகையில் ஆணியடிக்க வேண்டும். தகட்டில் ஒரு துளைகூட விழாது; அது நீளவும் சுருங்கவும் இடமிருக்கும். மடிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூரைத் தகட்டின் அடியில் பக்கவாட்டில் ஏறி வரும் தண்ணீர் அந்த மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். மடிப்பே இல்லாமல் மொட்டையாக வெட்டிவிட்ட ஓரம் என்றால், அதுவரை வந்த தண்ணீர் அப்படியே பலகைக்குப் போகும். நீங்கள் விசாரிக்க வேண்டிய முதல் விவரம் இந்த மடிப்பு இருக்கிறதா என்பதுதான்.

வெட்டிய ஓரத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே குறுகலாகத் தொடங்கிக் கீழே வரவர அகலமாவது குறையே அல்ல; கீழே போகப்போகத் தண்ணீர் கூடுவதால் சிலர் வேண்டுமென்றே அப்படி விடுவார்கள். ஆனால் இரண்டு விரல் என்பது குறுகல். சருகு சிக்கினால் கையை விட்டு எடுக்க முடியாது. சிக்கிய இடத்தில் தண்ணீர் தேங்கிப் பக்கவாட்டில் ஏறும். ஒரு புறத்துக்கு நான்கு விரலாவது இருப்பது நல்லது. நடுவில் ஓரம் வளைந்து வருவது வேறு கதை. சுண்ணாம்பு நூல் போடாமல் கண்மட்டத்தில் வெட்டியதன் அடையாளம் அது. அந்த வளைவால் மட்டும் ஒழுகிவிடாது. ஆனால் நூல் போடச் சோம்பியவர் கண்ணுக்குத் தெரியாத அளவுகளில் எப்படி இருந்திருப்பார் என்ற சந்தேகத்தை அது எழுப்புகிறது.

கண்ணுக்குத் தெரியாத அளவு என்று நான் சொல்வது, கூரைத் தகடு உள்மூலைத் தகட்டின்மேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை. 100 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 150 இருந்தால் நிம்மதி. சாய்வு குறைந்த கூரையில் இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால்தான் உள்மூலைத் தகட்டின் முழு அகலம் 500 முதல் 600 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியிருக்கிறது. இதை நீங்களே அளக்கலாம். மெல்லிய எஃகு ஸ்கேல் ஒன்றைக் கூரைத் தகட்டின் மேடான பகுதியின் அடியில், உள்மூலைத் தகட்டோடு ஒட்டினாற்போல மெதுவாகச் செலுத்துங்கள். மடிப்பு இருந்தால் அதில் போய் முட்டும். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே, நடுவே, கீழே என்று இருபுறமும் அளந்து பாருங்கள். ஏணியை இறவாணத்தில் கட்டிவிட்டு, கூடவே ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யவும். உள்மூலைக்குள் கால் வைக்க வேண்டாம்; அடியில் பலகை இல்லையென்றால் தகடு குழிந்து, பிறகு அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் கிரைண்டரின் கைவரிசை. வெட்டும்போது பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் வண்ணப் பூச்சில் பதிந்து சில நாளிலேயே துருவேறும். துணியால் துடைத்தால் போய்விடும் புள்ளிகள் என்றால் கவலை குறைவு. நகத்தால் சுரண்டியும் போகாமல் பூச்சுக்குள் இறங்கியிருந்தால் அந்த இடம் வருங்காலத் துளை. அதோடு, கிரைண்டரால் வெட்டிய ஓரத்தில் பூச்சு கருகியிருக்கும். கத்தரியாலோ, தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளர் கருவியாலோ வெட்டிய ஓரத்தில் துத்தநாகம் பக்கத்திலேயே இருந்து வெட்டுமுனையைக் காக்கும். ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கருகிய ஓரம் கறுத்து, பிசிறடித்து, விரலில் சொரசொரவென்று படும்.

இரண்டாம் பதில்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். சிலிக்கான் கோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். என் பார்வையில் ஸ்க்ரூக்களுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது அதுதான். கட்டடங்களை ஒப்படைக்கும்முன் பார்வையிடும் வேலையில் இருப்பதால் இந்தக் கோட்டை அடிக்கடி காண நேர்கிறது.

ஓரத்தில் வெளியே தெரியும்படி இழுத்த சிலிக்கான் இரண்டு வகையில் தீமை செய்கிறது. ஒன்று, அது நேராக வெயிலிலும் தகட்டின் அசைவிலும் மாட்டிக்கொள்வதால் முழுவதும் பிய்ந்துபோகாமல் துண்டு துண்டாக விட்டுக்கொடுக்கும். விட்ட இடத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். விடாத இடங்கள் அதை வெளியே வரவிடாமல் தடுக்கும். வெட்டிய ஓரம் நாள் கணக்கில் ஈரத்திலேயே ஊறிக் கிடந்து துருவேறும். இரண்டு, எந்த வகைச் சிலிக்கான் என்பது. பூசும்போது காடி வாடை அடிக்கும் மலிவுச் சிலிக்கானில் அசிட்டிக் அமிலம் வெளிப்படும். பூச்சுள்ள எஃகை அது அரிக்கும். வாடை இல்லாமல் இறுகும் நியூட்ரல் வகையைத்தான் கூரைத் தகட்டில் பயன்படுத்த வேண்டும். பழைய குழாய் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

முறையான அடைப்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, கூரைத் தகட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வெட்டிய ஃபோம் துண்டுகளை வைத்து, அவற்றின் மேலும் கீழும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர்ப் பட்டை) ஒட்டி, இரண்டு தகடுகளுக்கு நடுவே அமுக்கிவிடுவார்கள். வெயில் படாத இடத்தில் அமுங்கிக் கிடக்கும் பியூட்டைல் நீண்ட காலம் பிசுபிசுப்போடு இருக்கும். நீங்கள் குனிந்து ஓரத்தின் மேட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஃபோம் தெரிய வேண்டும். காலியாக இருந்தால், சாரல் மட்டுமல்ல, குருவியும் குளவியும் உள்ளே குடியேறும். ஓரம் தெரியும்படி சிலிக்கான் இழுப்பவர்கள் பெரும்பாலும் ஃபோம் வைக்காதவர்கள்தான்.

மற்றபடி, வெளியே பார்த்ததோடு நிறுத்திவிடாமல், கூரைக்கு அடியில் புகுந்து பார்க்க வழியிருந்தால் பகலில் விளக்கில்லாமல் போய்ப் பாருங்கள். மூலை நெடுக எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா? உள்மூலைத் தகட்டுக்கு அடியில் இருபுறமும் பலகை தொடர்ச்சியாக இருக்கிறதா, அல்லது தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களுக்கு நடுவே தகடு அந்தரத்தில் நிற்கிறதா? பலகைமேல் பசையோடு ஒட்டும் தார் விரிப்பு, ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் அகலத்தில், மூலை நெடுகப் போடப்பட்டிருக்க வேண்டும். தகட்டைத் தாண்டித் தண்ணீர் போனாலும் கடைசியில் காப்பாற்றுவது அதுதான். அந்த விரிப்பு நன்றாக வேலை செய்கிற வீட்டில் மேலே இருக்கும் குறை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால்தான் “ஒழுகவில்லையே” என்ற வாதம் வலுவற்றது.

கீழ் முனையையும் பாருங்கள். உள்மூலைத் தகடு இறவாணத்தைத் தாண்டிக் கட்டருக்குள் நீண்டு முடிய வேண்டும். பலகையோடு நின்றுவிட்டால் கடைசித் துளிகள் வளைந்து திரும்பி மரத்தை நனைக்கும். மூலைக்கு நேரே கட்டரின் முன்விளிம்பில் ஒரு சிறு தடுப்புத் தகடு இல்லையென்றால், பெருமழையில் தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதித்துவிடும். மேல் முனை முகட்டுத் தகட்டுக்கு அடியில் ஏறி மடிந்திருக்க வேண்டும். அங்கே வெறும் சிலிக்கான் உருண்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இறுதியாக, தண்ணீர்ச் சோதனை. நுனியில் பீய்ச்சுமுனை மாட்டாத சாதாரணத் தோட்டக் குழாய் போதும். அழுத்தக் கழுவி வேண்டாம், அது எந்த நல்ல கூரையையும் ஒழுக வைக்கும். தண்ணீரை மழை விழும் திசையில்தான் விட வேண்டும், கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சக் கூடாது. கீழ்ப் பகுதியில் தொடங்கி, ஓரிடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பிறகு சற்று மேலே நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். முதலில் ஒரு சரிவில் மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பிறகு மறு சரிவில். இரண்டிலும் ஒரே நேரத்தில் விட்டால் குறையின் இடம் மறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி ஸ்கேல் வைத்து அளந்தோம், தண்ணீரும் விட்டுப் பார்த்தோம்.

பெரிய கட்டுப் பக்கம் ஸ்கேல் 150 மில்லிமீட்டரைத் தாண்டி உள்ளே போகிறது. பக்கக் கட்டுப் பக்கம், சிலிக்கான் விட்டுப்போன இடங்களில் செலுத்தியபோது, கீழ்ப் பகுதியில் 90, நடுவில் 60, மேலே 50 என்ற அளவில் தகட்டின் ஓரம் முடிந்து ஸ்கேல் கீழே இறங்கிப் பலகையில் இடிக்கிறது. எந்த மடிப்பும் தட்டுப்படவில்லை. அதாவது உள்மூலைத் தகடே ஒரு பக்கமாகத் தள்ளிப் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. நடுக்கோட்டில் மேடு ஏதும் இல்லை, வெறும் ‘வி’ வடிவ மடிப்புதான். மேட்டுக்குள் எட்டிப் பார்த்ததில் ஃபோம் எங்கும் இல்லை.

பக்கக் கட்டின் சரிவில் தண்ணீர் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. பெரிய கட்டின் சரிவில் குழாயை வைத்துச் சிறிது நேரத்தில், உள்ளே நின்றிருந்த என் தம்பி, பக்கக் கட்டுப் பக்கத்துப் பலகை இணைப்பில் ஈரம் கோடாக இறங்குவதைப் பார்த்தான். சொட்டவில்லை, கை வைத்தால் ஈரம் தெரிகிறது. பெரிய கட்டில் விட்ட தண்ணீர் எதிர்ப்புறம் எப்படிப் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தார் விரிப்பு இருப்பதாகத் தெரியவில்லை, சாதாரணப் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி ஒன்று நடுவில் தொங்குகிறது. இவ்வளவையும் பார்த்தபின், மேலே ஒரு பட்டைத் தகட்டை ஒட்டிச் சரிசெய்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

முதல் பதிலை எழுதியவர்

ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்புறம் எப்படிப் போனது என்பதற்கு விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. பெரிய கட்டின் சரிவு நீளமானது. அதில் இறங்கும் தண்ணீர் வேகமாகவும் அதிகமாகவும் வந்து நடுக்கோட்டில் நிற்காமல், வந்த வேகத்தில் எதிர்ச் சரிவில் சற்றுத் தூரம் ஏறிவிட்டுத்தான் திரும்புகிறது. தகட்டின் நடுவே விரற்கடை உயரத்துக்கு, அதாவது 25 மில்லிமீட்டர் அளவில், தலைகீழ் ‘வி’யாக ஒரு மேடு மடித்திருந்தால் அந்த மேடு இரு புறத் தண்ணீரையும் தனித்தனியே பிரித்துக் கீழே அனுப்பியிருக்கும். சமமில்லாத இரண்டு சரிவுகள் சேரும் மூலைக்கு அந்த மேடு கட்டாயம் என்பது என் நிலை. உங்கள் வீட்டில் மேடும் இல்லை. எந்தப் பக்கம் தண்ணீர் ஏறுகிறதோ அதே பக்கத்தில்தான் தகடும் குட்டையாக இருக்கிறது, மடிப்பும் இல்லை, ஃபோமும் இல்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் சிலிக்கான் இழுத்திருப்பதைக் கவனியுங்கள். தகடு குட்டையாக விழுந்துவிட்டது என்று வேலை செய்தவருக்கே தெரிந்திருக்கிறது.

மேலே பட்டைத் தகடு ஒட்டுவது, அலுமினிய டேப் போடுவது, தார் பூசுவது எல்லாம் ஒரே வகைதான். தண்ணீர் நுழையும் வாய் கூரைத் தகட்டின் அடியில் இருக்கும்போது மேலே எதை ஒட்டினாலும் மறுபடியும் பசையை நம்பித்தான் நிற்கிறோம். ஒட்டிய பட்டை நீரோட்டத்துக்குக் குறுக்கே ஒரு விளிம்பாகி, சருகைப் பிடித்து நிறுத்தும்.

செய்ய வேண்டியது இதுதான். பக்கக் கட்டுப் பக்கம் மூலையில் வந்து முடியும் கூரைத் தகடுகளையும், தேவையான அளவுக்குப் பெரிய கட்டுப் பக்கத் தகடுகளையும் ஸ்க்ரூ கழற்றித் தூக்க வேண்டும். துளை விழுந்த உள்மூலைத் தகட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. பலகையின்மேல் ஒட்டும் தார் விரிப்பை மூலையின் நடுவே வரும்படி, கீழிருந்து மேலாகப் போட வேண்டும். அதன்மேல் நடுமேடும் இரு ஓர மடிப்பும் உள்ள, 600 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாத புதுத் தகட்டைக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். கூரைத் தகட்டைவிடக் கனம் குறைந்த தகட்டை இதற்குத் தரக்கூடாது. முடிந்தால் சற்றுக் கூடுதல் கனம் கேளுங்கள், இந்த இடத்துக்குத்தான் தேய்மானம் அதிகம். ஒரே நீளமாக வராமல் துண்டுகளாக வந்தால், மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் 150 முதல் 200 மில்லிமீட்டர் ஏற வேண்டும், நடுவே பியூட்டைல் இருக்க வேண்டும், இணைப்பில் ஸ்க்ரூ போடக்கூடாது.

பழைய கூரைத் தகடுகளை அப்படியே மறுபடி இறக்க முடியுமா என்பது வெட்டின் நீளத்தைப் பொறுத்தது. கீழே நான்கு விரல் இடைவெளி என்றால் அங்கே வெட்டு சரியாகவே இருக்கிறது. மேலே இரண்டு விரல்தான் என்றால் தகடு தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது, நூல் போட்டுக் கத்தரியால் சீவிக்கொள்ளலாம். ஆக, புதிதாகத் தகடு வாங்க வேண்டிய தேவை பெரிதாக வராது. உள்மூலைத் தகடும் விரிப்பும் ஃபோமும் கூலியும்தான் செலவு. வளைந்து உள்வாங்கிய அந்த ஓரிடத்தில் மட்டும் சீவியபின் ஏறும் அளவு 100 மில்லிமீட்டர் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் பதில்

திருத்த வேலைக்கு மேலே சொல்லப்பட்டதோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பின்னால் இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டு உள்மூலையில் நடுமேடு இல்லை என்பதற்காக மட்டும் கலங்கிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். இருபுறமும் சம நீளமும் சம சாய்வும் இருந்து, சாய்வு நன்றாகச் செங்குத்தாகவும், தகடு போதிய அகலமும் ஓர மடிப்பும் கொண்டதாகவும் இருந்தால், வெறும் ‘வி’ வடிவத் தகடும் நன்றாகவே உழைக்கும். இரு புறத் தண்ணீரும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. தட்டையான தகட்டில் சருகு எளிதாக வழுக்கிப் போகும் என்ற நன்மையும் உண்டு. மேடு கட்டாயமாவது இந்த வீட்டைப்போலச் சரிவுகள் சமமில்லாத இடத்திலும் சாய்வு குறைந்த இடத்திலும்தான்.

ஸ்க்ரூ வெளியே தெரியாமல், தகட்டோடு தகட்டை நிமிர்த்தி மடித்துச் சேர்க்கும் வகைக் கூரையாக இருந்தால் ஃபோமைத் தேட வேண்டாம். அதில் உள்மூலைத் தகட்டின்மேல் ஒரு கொக்கிப் பட்டையை ஓரத்தோடு பொருத்தி, கூரைத் தகட்டின் வெட்டிய நுனியை அதில் உள்நோக்கி மடித்து மாட்டியிருப்பார்கள். அங்கே நீங்கள் வெட்டுமுனையைப் பார்க்கவே கூடாது; மழுங்கலாக மடிந்த விளிம்புதான் தெரிய வேண்டும். கொக்கிக்கும் மடிப்புக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இறுக்கமாக அடித்துவிட்டால் தகடு நீளும்போது போக இடமில்லாமல் நடுவில் உப்பிக்கொள்ளும்.

தகட்டு வகை ஒத்துப்போகிறதா என்பதையும் இந்த வாய்ப்பில் பார்த்துவிடுங்கள். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சுள்ள கூரைக்குச் செம்பிலோ ஈயத்திலோ உள்மூலைத் தகடு போடக்கூடாது. செம்பின்மேல் ஓடிய தண்ணீர் பட்டாலே அந்தப் பூச்சு அரிக்கப்படும். கூரைக்கு மேலே செம்புக் குழாய் ஏதாவது சொட்டிக்கொண்டிருந்தால், குளிர்சாதனத்தின் நீர் உட்பட, அதை வேறு வழியாகத் திருப்பிவிடுங்கள். உள்மூலைத் தகட்டின் அடியில் புதுப் பலகை போடுவதாக இருந்தால், செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் தகட்டில் நேராகப் படாமல் விரிப்பு நடுவே இருக்க வேண்டும். ஈரச் சிமெண்டுக் கலவையும் அதே போல ஆகாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும், கடைசித் தவணையை மொத்தமாக நிறுத்திவைத்துச் சண்டை போடுவதைவிட, அளவுகளையும் படங்களையும் தேதியோடு எழுத்தில் கொடுத்து, திருத்தத்தின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. கூரைத் தகடு மறுபடி இறங்கி மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. எனவே விரிப்பு ஒட்டி முடிந்ததும் ஒரு முறை, உள்மூலைத் தகட்டைக் கிளிப்பில் மாட்டி முடிந்ததும் ஒரு முறை, ஃபோமும் பியூட்டைலும் வைத்ததும் ஒரு முறை என்று, மூடுவதற்குமுன் உங்களை அழைத்துக் காட்ட வேண்டும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அளவுகளையும் படங்களையும் வைத்துப் பேசியதில், பட்டைத் தகடு யோசனையை ஒப்பந்தக்காரர் கைவிட்டுவிட்டார். மூலையைப் பிரித்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 600 மில்லிமீட்டர் அகலத்தில் நடுமேட்டோடு மடித்துத் தரும் இயந்திரம் தன்னிடம் இல்லை என்றும், இரண்டு தகடுகளை நடுவில் ரிவெட் அடித்துச் சேர்த்துத் தருவதாகவும் சொல்கிறார். அது சரிப்படுமா?

முதல் பதிலை எழுதியவர்

சரிப்படாது. நடுக்கோட்டில் ரிவெட் வரிசை என்பது, கழற்றச் சொன்ன மூன்று ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக முப்பது துளை. அகலத்தின் வழியே தகடு ஒரே துண்டாகத்தான் இருக்க வேண்டும். நீளத்தில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தில் மட்டும் இணைப்பு வரலாம். மடிக்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் அளவு கொடுத்தால் 2.4 அல்லது 3 மீட்டர் துண்டுகளாக மடித்துத் தந்துவிடுவார்கள். அது கடினமான வேலை அல்ல. அளவு கொடுக்கும்போது மேட்டுக்கும் இரு ஓர மடிப்புக்கும் போகும் தகட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். மேட்டுக்கு 50 மில்லிமீட்டர், ஒவ்வோர் ஓர மடிப்புக்கும் 15 முதல் 20 மில்லிமீட்டர் என்று வைத்தால், 600 முடிந்த அகலத்துக்கு வெட்டும் தகடு ஏறத்தாழ 690 வேண்டும். அதை விட்டுவிட்டு 600 தகட்டை வாங்கி மடித்தால், முடிந்த அகலம் 510தான் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மறுபடியும் குட்டையாக விழும்.